மூச்சு விட்ட இடம்

உறையின் பின்பக்கம், பொடி எழுத்தில்,
டெனர் சாக்ஸபோன்: ஓரின் ஹாஸ்கின்ஸ்.
காஸ்கின்ஸ் என்று இருந்திருக்க வேண்டும்.
ஓரெழுத்துதான்.
பியானோ என்ற இடத்தில் என் பெயர்
புள்ளி பிசகாமல் இருக்கிறது.

பஃபலோக்காரன். ஏரிக்கரைக் கிடங்கில்
கோதுமை அள்ளிய அப்பா
விடிகாலை வீடு திரும்புவார்
நெஞ்சு நிறையத் தூசியோடு.
ஒற்றை அறை. பகலில் அவர் தூங்கியாக வேண்டும்.
இவன் கட்டிலுக்கு அந்தப்புறம் தரையில் உட்கார்ந்து
ஊதாமல், விரல்களை மட்டும் ஓட்டுவான்.
அவர் இருமும்போது
அந்த இருமலுக்கு அடியில் ஒளித்து
ஒரு சுரம் ஊதிவிட்டு நிறுத்திக்கொள்வான்.
"நல்ல நாளில் நாற்பது தேறும்" என்பான்.
சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல்
நாங்கள் பஸ் ஜன்னலைப் பார்ப்போம்.

அந்த பஸ்ஸில் ஹீட்டர் கிடையாது.
முப்பது நாளில் இருபத்தாறு ஊர்.
ஆட வந்தவர்களின் கால்களுக்கு நாங்கள் வேண்டும்;
ஆடி முடித்துப் பசித்தால்
அவர்களுக்கு முன்வாசல்,
எங்களுக்குப் பின்வாசலில் காகிதம் சுற்றிய மீன்.
எண்ணெய் விரலோடு சாக்ஸபோனைத் தொடமாட்டான் ஓரின்.
பனியில் கை கழுவிவிட்டு வருவான்.

ஐம்பத்தொன்று மார்ச், நூவர்க்.
பத்தங்குலத் தட்டு, தலைக்கு நாற்பத்தொரு டாலர்.
அவன் பங்குக்குப் பதினாறு ஆவர்த்தனம்.
கண்ணை மூடவில்லை, உடம்பை முறுக்கவில்லை.
ரேஷன் வரிசையில் நிற்கிறவன் போல நின்று
ஒரே இழுப்பில் வாசித்து முடித்தான்.
டிரம்ஸ் டெல்மஸ் விட்லோ
குச்சியைத் தூக்கிப்போட மறந்து உட்கார்ந்திருந்தான்.
"இன்னொரு முறை?" என்றது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.
"எதற்கு?" என்றான் ஓரின்.

பிறகு, சொல்லும்படியாக ஒன்றுமில்லை.
பல் போனால் சொல் போகும்.
அவனுக்கு முன்பல் இரண்டு போய்ச் சுரம் போயிற்று.
சாக்ஸபோன் அடகுக் கடைக்குப் போனது,
கிதாருக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் நடுவில் தொங்கியது.
வெர்லீன் சொல்லித் தபால் நிலையத்தில் சேர்ந்தான்.
இரவு வேலை. கடிதம் பிரிப்பது.
அவன் விரல்களைப் போல் வேகமான விரல்கள்
அந்தக் கட்டிடத்தில் வேறு இல்லை என்றார்களாம்.

அறுபத்தேழில் ஒரு ராத்திரி, மணி இரண்டு,
தொலைபேசி அடித்தது.
"கோத்தன்பர்க் எங்கே இருக்கிறது?" என்றான்.
பத்து வருஷத்துக்குப் பிறகு
என்னிடம் கேட்கிற முதல் கேள்வி.

அஞ்சலட்டை ஒன்று அவன் கைக்கு வந்திருக்கிறது.
ஓரின் ஹாஸ்கின்ஸ், சாக்ஸபோன், பஃபலோ, அமெரிக்கா.
முகவரி அவ்வளவுதான்.
கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிற
யாரோ ஒரு லிண்ட்வால் எழுதியிருந்தான்:
ஐயா, நூறு முறை கேட்டுவிட்டேன்.
அந்தப் பதினாறில்
நீங்கள் எங்கே மூச்சு விட்டீர்கள்?

"உனக்கு வந்ததுதானே, எடுத்துக்கொள்" என்றேன்.
"ஹாஸ்கின்ஸுக்கு வந்தது" என்றான்.
"அடுத்தவன் தபாலை எடுத்தால் வேலை போய்விடும்."
முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிட்டான்:
இப்பெயரில் எவருமில்லை.
முத்திரைக்குக் கீழே, பென்சிலால்,
பதினோராவது ஆவர்த்தனம். சிம்பலுக்கு அடியில்.

அடுத்த சம்பளத்தில் சாக்ஸபோனை மீட்டதாக வெர்லீன் சொன்னாள்.
கட்டுப்பல் வைத்து
பௌலிங் கூடத்தில் சனிக்கிழமைகளில் வாசித்தானாம்,
கட்டைகள் உருளும் சத்தத்துக்கு நடுவே.
நான் போய்க் கேட்கவில்லை.
போயிருக்கலாம். ரயிலில் ஒரு ராத்திரிதான்.

இன்று அந்தத் தட்டைப் போட்டேன்.
பத்து வரை எண்ணி, காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்தேன்.
சிம்பல் கேட்கிறது.
மூச்சு கேட்கவில்லை.
என் பியானோதான்
கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறது.